ரயிலில் தின்னக் கூடாது – ஒரு பேரிக்காயில் தொடங்கும் வரலாறு

2019 அக்டோபரில் இங்கிலாந்தில் சாலி டேவிஸ்னு ஒரு அம்மையார் ஒரு அறிக்கை கொடுத்தாங்க. அந்த நாட்டு அரசாங்கத்தோட தலைமை மருத்துவ அதிகாரி. ஓய்வு பெறும் நேரத்துல, குழந்தைகளோட உடல் பருமனைக் குறைக்க என்னென்ன செய்யலாம்னு ஒரு பட்டியல். அதுல ஒண்ணு, நகர பஸ், ரயில்ல யாரும் எதுவும் தின்னக் கூடாது, குடிக்கவும் கூடாது. தண்ணிக்கும், தாய்ப்பாலுக்கும், உடம்பு முடியாதவங்களுக்கும் மட்டும் விலக்கு. அரசாங்கம் அதைச் சட்டமாக்கலை, அது வேற கதை.

இங்கிலாந்துக்காரன் எதைத் தின்னா உனக்கென்னடான்னு கேப்பீங்க. மாசம் ரெண்டு தடவை சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ்ல அல்லாடறவன் நான். ஆணி பிடுங்கற வேலைல தொப்பையும் கொஞ்சம் சேர்ந்திருக்கு. அதனால இந்த யோசனை நம்ம ஊருக்கு வந்தா என்னாகும்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. நோண்டிப் பார்த்தா, பயணத்துல திங்கறதுக்கு நம்ம பக்கம் நல்ல நீளமான வரலாறே இருக்கு.

எங்க ஊருல இருந்தே ஆரம்பிக்கறேன். விழுப்புரம் – காட்பாடி ரயில் பாதை வந்தது 1890களின் தொடக்கத்துல. அதுல வந்த பயணிகள்லயே பேர் போனவர், 1896 ஆகஸ்ட் 29ந் தேதி மதுரையில ரயில் ஏறின ஒரு பதினாறு வயசுப் பையன். அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொன்ன அஞ்சு ரூபாயில மூணை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். வீட்டுல இருந்தது பழைய அட்லஸ், அதுல எங்க ஊருக்குப் போற புதுப் பாதையே இல்லை. அதனால திண்டிவனம் வரைக்கும் டிக்கெட். ரெண்டு ரூபா பதிமூணு அணா. கூட உக்காந்திருந்த ஒரு மௌல்விதான் விழுப்புரத்துல மாறணும்னு சொல்லிக் கொடுத்தார். ஆமாம், ரமண மகரிஷியேதான்.

ஆன்மிகம் எழுதறேன்னு ஓடிடாதீங்க. நான் பார்க்கறது சாப்பாட்டை மட்டும்தான். திருச்சியில அரை அணாவுக்கு ரெண்டு பேரிக்காய் வாங்கறார், ஒரு கடி ரெண்டு கடியிலயே வயிறு நிறைஞ்சுடுது. விழுப்புரத்துல ஓட்டல்காரர் இவர் கையில ரெண்டரை அணாதான் இருக்குன்னு தெரிஞ்சதும் சாப்பாட்டுக்குக் காசே வாங்கலை. மாம்பழப்பட்டு வரைக்கும் ரயில், அப்புறம் நடை, அறையணிநல்லூர் கோயில், கீழூர். அங்க முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டுல கடுக்கனை அடகு வச்சு நாலு ரூபா. கோகுலாஷ்டமி சமயம்கிறதால ஒரு பொட்டலம் பட்சணமும் கட்டிக் கொடுக்கறாங்க. செப்டம்பர் 1ந் தேதி காலையில திருக்கோவிலூர்ல ரயிலேறி ஊர் வந்து சேர்றார். அந்தப் பட்சணத்தை ரயில்லயும் தின்னலை, இறங்கியும் தின்னலை. அப்படியே அய்யங்குளத்துல போட்டுட்டார்.

மூணு நாள் பயணம். வழி நெடுக யாரோ ஒருத்தர் சோறு போட்டுக்கிட்டே இருக்காங்க பாருங்க. வழிப்போக்கனுக்குச் சோறு கிறதுதான் இந்த மண்ணுல பயணத்தோட முதல் விதி. சத்திரம், கட்டுச்சோறு, மிளகாய்ப்பொடி தடவின இட்லி, இன்னிக்கு கிரிவலப் பாதையில நடக்கற அன்னதானம் எல்லாமே அதுல இருந்து வந்ததுதான். 14 கிலோமீட்டர் நடக்கற கூட்டத்துக்கு நாலடிக்கு ஒரு தொன்னை பொங்கல் வச்சுக் கொடுத்தா, நடந்ததெல்லாம் எங்க போகும்னு எனக்கும் கேள்வி உண்டுதான். எங்கம்மா காதுல விழாம கேட்டுக்கறேன்.

ஆனா அந்தச் சோறு எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைச்சுதுன்னு சொன்னா பொய். ரயில் ஓட ஆரம்பிச்ச காலத்துல, ஒரே பெட்டியில யார் யார் பக்கத்துலயோ உக்காந்து சாப்பிடறதாங்கறது பெரிய பிரச்சினை. வாய்ல பச்சைத் தண்ணி படாம ஊர் போய்ச் சேர்ந்தவங்க உண்டு. வடக்கே ஸ்டேஷன்ல இந்துத் தண்ணி, முஸ்லிம் தண்ணின்னு தனித்தனிப் பானை. நம்ம பக்கம் ரயில்வே சிற்றுண்டிச் சாலையிலயே பிராமணாளுக்கு ஒரு இடம், மத்தவங்களுக்கு ஒரு இடம். டிக்கெட் காசு எல்லாருக்கும் ஒண்ணுதான், இட்லி திங்கற இடம் மட்டும் வேற. பெரியாரும் சுயமரியாதைக்காரங்களும் வருஷக்கணக்கா எதிர்த்துப் போராடித்தான் அது 1941ல ஒழிஞ்சது. ஊருக்குள்ள ஓட்டல் பலகை அதுக்கப்புறமும் போகலை. 1957லயும் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால மறியல் பண்ண வேண்டியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, பயணத்துல யார் எங்க தின்னலாம்கிறதுக்கு நம்ம ஊருல போட்ட பழைய விதி, சாதிக்காகப் போட்டது. அதை உடைச்சு, ஒருத்தன் பிரிச்ச புளிசோத்துப் பொட்டலத்தை எதிர் சீட்டுக்காரனும் பங்கு போட்டுத் திங்கற நிலைமை வர்றதுக்குப் பல பத்து வருஷம் ஆச்சு. தின்னத் தடைன்னு இன்னிக்கு யாராவது சொன்னா எனக்கு முதல்ல அந்த 1941தான் ஞாபகம் வருது. சொல்றவங்க நோக்கம் வேறதான், நல்லதுதான். இருந்தாலும் வருது.

அடுத்து வந்தது சுத்தம். சிங்கப்பூர்ல 1987 நவம்பர்ல எம்.ஆர்.டி. ரயில் ஓட ஆரம்பிச்சது. உள்ளே தின்னா, குடிச்சா 500 வெள்ளி வரைக்கும் அபராதம். டுரியான் பழம் கையில வச்சுக்கிட்டுக் கூட ஏறக் கூடாது. ரயில் கதவுல ஒட்டி வச்சுத் தொல்லை பண்றாங்கன்னு 1992ல சூயிங்கம்முக்கே நாடு முழுக்கத் தடை. 2002 டிசம்பர்ல வந்த டெல்லி மெட்ரோவும் 2015 ஜூன்ல வந்த நம்ம சென்னை மெட்ரோவும் அதே வழிதான், உள்ளே சாப்பிடக் கூடாது. உச்சக்கட்டம் வாஷிங்டன். 2000 அக்டோபர்ல மெட்ரோ ஸ்டேஷன்ல ஒரே ஒரு உருளைக்கிழங்கு வறுவலைத் தின்ன 12 வயசுப் பொண்ணைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், கைது செல்லும்னு 2004ல தீர்ப்பு. எழுதின நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், அடுத்த வருஷமே அமெரிக்காவோட தலைமை நீதிபதி ஆயிட்டார்.

இப்ப தொப்பை விஷயத்துக்கு வருவோம். பிரச்சினை நிஜம்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 40.4 சதவீதம் பேர், ஆம்பளைங்கள்ல 37 சதவீதம் பேர் அதிக எடை. நாலஞ்சு வருஷம் முந்தின கணக்கெடுப்புல இது 30.9, 28.2. நாடு முழுக்கன்னு பார்த்தா 24, 22.9தான். நாம எவ்வளவு தூரம் முன்னேறிட்டோம் பாருங்க.

சரி, ரயில்ல தின்னலைன்னா இது குறையுமா? சிங்கப்பூரையே எடுத்துக்கோங்க. 29 வருஷம் ரயில்ல ஒரு வாய் தின்னாம இருந்த ஊரு, 2016ல சர்க்கரை நோய் மேல போர்னு அறிவிச்சது. இதை வச்சுத் தடையால பலனே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தடை இல்லைன்னா இன்னும் மோசமா இருந்திருக்கலாம். ஆனா தடை மட்டும் காப்பாத்தலைங்கறது தெரியுது.

லண்டன்ல வேற ஒண்ணு பண்ணாங்க. 2019 பிப்ரவரியில இருந்து, நகரப் போக்குவரத்துல நொறுக்குத் தீனி விளம்பரத்துக்குத் தடை. திங்கறவனை விட்டுட்டாங்க, படத்தை மட்டும் எடுத்தாங்க. 2022ல வந்த ஆய்வு, தடை இல்லாம இருந்திருந்தா ஆகியிருக்கிற அளவோட ஒப்பிட்டா, கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான பண்டங்களை வீடுகள் வாங்கறது வாரத்துக்குச் சுமார் 1000 கலோரி குறைஞ்சிருக்குன்னு சொல்லுது. கிட்டத்தட்ட 6.7 சதவீதம். யாருக்கும் கைவிலங்கு போடலை.

நம்ம பஸ்ல நடக்கறதைச் சொல்றேன். திண்டிவனத்துல வண்டி நின்னா ஜன்னல் பக்கம் வர்றது அவிச்ச மல்லாட்டை, வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, முறுக்கு, சமோசா. (மல்லாட்டைன்னா வேர்க்கடலை, எங்க பக்கத்துப் பேரு. மணிலாக்கொட்டை தேஞ்சு மல்லாட்டை ஆனது.) பாதிக்குப் பாதி நல்ல பண்டம். பஸ்ல தின்னக் கூடாதுன்னு சட்டம் வந்தா முதல்ல போறது இந்தக் கூடைதான். அப்புறம் ஜனம் எங்க தின்னும்? தெற்கே போற ராத்திரி வண்டிங்க நிக்கற பயணவழி உணவகத்துல, பதினோரு மணிக்கு, எண்ணெய் சொட்டற பரோட்டா. வெள்ளரிப்பிஞ்சைத் தடுத்துட்டுப் பரோட்டாவுக்கு ஆள் சேர்த்த கதையா ஆயிடும். சாலி டேவிஸ் அம்மா நகர வண்டின்னுதான் சொன்னாங்க, நாலு மணி நேரப் பயணத்தைச் சொல்லலைங்கறது நியாயத்துக்காக ஒத்துக்க வேண்டியது. நம்ம ஆளுங்க சட்டம் போட்டா அந்த வித்தியாசம் பார்ப்பாங்களா?

எனக்கு இதுல சொந்த விஷயமும் ஒண்ணு இருக்கு. எங்கப்பாவுக்கு இன்சுலின். ஊசி போட்டா அரை மணிக்குள்ள ஏதாவது வயித்துக்குள்ள போகணும். போன வருஷம் செக்கப்புக்குச் சென்னை கூட்டிக்கிட்டு வரும்போது, கிளாம்பாக்கம் நெருங்கறப்ப வண்டி அசையாம நின்னுடுச்சு. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு, சட்டையெல்லாம் நனைஞ்சு, பேச்சுக் குழற ஆரம்பிச்சுது. பின் சீட்டு அம்மா ஒரு கடலை மிட்டாயைப் பிரிச்சு அவர் வாய்ல திணிச்சாங்க, அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது. உடம்பு முடியாதவங்களுக்கு விலக்குன்னு அறிக்கையில எழுதறது சுலபம். அந்த நிமிஷத்துல கடலை மிட்டாய் வச்சிருந்தது நோயாளி இல்லையே.

வேடிக்கை என்னன்னா, 1989 ரயில்வே சட்டம் 144வது பிரிவுல உரிமம் இல்லாம ரயில்ல பண்டம் விக்கறது ஏற்கெனவே குற்றம். ஜெயில், அபராதம் எல்லாம் உண்டு. அதாவது திங்கற எனக்கு ஒண்ணும் இல்லை, கூடை தூக்கற பாட்டிக்குத்தான் பயம். ரயில்வே ஸ்டேஷன்ல வித்தே பேர் வாங்கின மணப்பாறை முறுக்குக்கு 2023ல புவிசார் குறியீடு கொடுத்து மாலை போட்டாச்சு. 2024 மே மாசத்துல இருந்து சென்னை கடற்கரையில கிளம்பற வேலூர் ரயிலை எங்க ஊரு வரைக்கும் நீட்டிட்டாங்க, அப்ப டிக்கெட் ஐம்பது ரூபாயா இருந்தது. அடுத்த தடவை அதுலதான் வரலாம்னு இருக்கேன். அவிச்ச மல்லாட்டை எந்த ஸ்டேஷன்ல ஏறும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.