நஞ்சுக்கொடி

பசு கன்று ஈன்றதும் அதன் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து, பால் பெருகட்டும் என்று ஆலமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுவது நம் கிராம வழக்கம். பசுவுக்கு இளங்கொடி, பெண்ணுக்கு நஞ்சுக்கொடி. பிள்ளைக்கு உணவும் மூச்சும் தரும் உறுப்புக்கு நஞ்சு என்றா பெயர்? பேறு முடிந்தும் விழாமல் உள்ளே தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து. அந்த அச்சமே பெயராயிற்று என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தக் கொடியின் செல் சவ்வுகளில் தண்ணீரைக் கடத்தும் புரதங்கள் உண்டு. பெயர் அக்வாபோரின்: 'அக்வா' லத்தீனில் நீர், 'போரோஸ்' கிரேக்கத்தில் வழி. இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு நோய் கண்ட தாய்மாரின் நஞ்சுக்கொடியில் ஒன்பதாம் வகை அக்வாபோரின் மிகுந்திருந்தும், நீர் சரிவரக் கடக்கவில்லை என்று அர்ஜென்டினா ஆய்வாளர்கள் கண்டார்கள். வழி இருந்தும் அடைபட்ட நிலை அது. நோய்க்கு இது காரணமா, விளைவா என்ற ஆய்வு தொடர்கிறது.

இந்த நோயின் அறிகுறிகளை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: கர்ப்பம் 20 வாரம் தாண்டியபின் ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.