லோத்திஸ் என்னும் பெயர்

வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள 'தேவர்களின் விருந்து' ஓவியத்தின் வலக்கோடியில் ஒரு பெண் உறங்குகிறாள். இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட முதலாம் அல்போன்சோவுக்காக வெனிஸ் நகரத்து ஜொவான்னி பெல்லினி 1514இல் வரைந்து கையொப்பமிட்டது அது; அவர் மறைந்தபின் ஓவியர் தித்தியன் பின்னணிக் காட்டையும் மலையையும் மாற்றி வரைந்தார். தேவர்கள் மதுவருந்திச் சாய்ந்திருக்க, நீலப்பூ எழுதிய சீனப் பீங்கான் கிண்ணங்களில் விருந்து நடக்க, வளமைத் தேவன் பிரியாபஸ் குனிந்து உறங்குபவளின் ஆடை விளிம்பைத் தூக்குகிறான். இடப்பக்கம் மதுத்தேவனின் தோழன் சைலீனஸின் கழுதை. அது கத்தும், அவள் விழித்தோடுவாள், தேவர் கூட்டம் நகைக்கும் என்பது ரோமானியப் புலவர் ஓவிட் 'ஃபாஸ்தி'யில் சொல்லும் கதை. ஓவியமோ கழுதை கத்துவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அவள் முடிவைச் சொல்வது அவள் பெயர்தான்.

லோத்திஸ் என்பது அந்தப் பெயர். 'லோத்தோஸ்' என்னும் கிரேக்கச் செடிப்பெயரின் மேல் 'இஸ்' என்னும் பெண்பால் ஈறு ஏறியிருக்கிறது. நெடிலில் தொடங்கி வல்லினத்தில் ஊன்றி மெல்ல உரசி அடங்கும் ஓசை. ஆனால் லோத்தோஸ் எந்தச் செடி? இங்கேதான், சொல்லன்பரே, சுவை மிகுகிறது. ஹோமரின் இலியட்டில் அது குதிரை மேயும் தீவனப் புல்; அவரே ஒடிசியில், தின்றவர் தாயகம் மறக்கும் தேன்சுவைக் கனியென்கிறார்; நம் இலந்தையின் உறவான ஒரு முள்மரமே அது என்போர் உண்டு. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுக்கோ அது நைல் வெள்ளத்தில் பூக்கும் அல்லி.

ஓவிட் 'உருமாற்றங்கள்' நூலின் 9ஆம் பகுதியில் இப்பெயரின் முடிச்சை அவிழ்க்கிறார். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டத் திரியோபே என்பவள் நீர்க்கரை லோத்தோஸில் பூப்பறிக்கிறாள். பூவிலிருந்து குருதி சொட்டுகிறது, கிளைகள் நடுங்குகின்றன. பிரியாபஸுக்குத் தப்பியோடிய லோத்திஸ் உருமாறி நின்ற செடியாம் அது. விருந்தில் தேவர்கள் நகைத்த பெண்ணின் அச்சம் கிளைநடுக்கமாக இன்னும் தொடர்கிறது என்று காட்டும் இவ்விடத்தை, கழுதைக் கதையைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

கிளையும், கனியாகும் நம்பிக்கையோடு மலரும் பூவும் உள்ள அச்செடி தாமரை ஆகாது. அதைத் தாமரை என்பது, ஆங்கிலத்தின் 'லோட்டஸ்' தாமரைக்கு வழங்குவதால் வந்த மயக்கம். தாவரவியலார் லின்னேயஸ் 1753இல் லோட்டஸ் என்ற பேரினப் பெயரை ஹோமரின் குதிரைத் தீவனத்தை நினைவூட்டும் பயற்றினச் செடிகளுக்கே தந்தார். தாமரைக்கு அவர் இட்ட பெயர் 'நிம்பேயா நெலும்போ'. முன்சொல், மணமகளுக்கும் அணங்குக்கும் ஒருசேர வழங்கிய 'நிம்ஃபே' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பின்சொல் சிங்களத்தின் 'நெலும்'. அந்தச் சிங்களச் சொல்லே பின்னர்ப் பேரினப் பெயராக நிலைத்து, இன்று உலகெங்கும் தாவரவியலார் தாமரையை 'நெலும்போ நூசிஃபெரா' என்கின்றனர்.

ஆகவே, இவ்வோவியத்தைத் தமிழில் விளக்குவோர் லோத்திஸ் தாமரையானாள் என்று எழுத வேண்டாம். லோத்தோஸ் மரமானாள் என்றே எழுதுங்கள்.