ஆணி அடிக்கவும் துண்டு வேணும்

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறிப் போனால் லூல்கந்துர தோட்டம். அங்கே மேல் மலையில் ஒரு புகைபோக்கி தனியாக நிற்கிறது. கூரை இல்ல, சுவர் இல்ல. இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் வாழ்ந்த மரக்குடிலின் மிச்சம் இது என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கதையும் நல்ல கதைதான். ஸ்கொட்லாந்தில் பிறந்த ஒரு பையன், வருடத்துக்கு 100 பவுண் சம்பளத்தில் மூன்று வருட ஒப்பந்தம் எழுதிக்கொண்டு 1852இல் கப்பலில் வந்து இறங்குகிறான். காட்டுக்கு நடுவில் குடில் கட்டுகிறான். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நடுகிறான். நாற்பது வருடம் அங்கேயே கிடந்து 1892இல் சாகிறான்.

இந்தக் கதையில் 'கட்டுகிறான்' என்ற ஒரு சொல்தான் எங்களுக்கு உறுத்துகிறது. தொரை காட்டை வெட்டினார், தொரை ரோட்டுப் போட்டார், தொரை பங்களா கட்டினார் என்றுதான் எங்கள் தாத்தாமாரும் பேசுவார்கள். மரத்தைத் தூக்கியவன், கல்லை உருட்டியவன், மண் குழைத்தவள் யாரும் அந்த வாக்கியத்துக்குள் வருவதில்லை. டெய்லரின் உடலை லூல்கந்துரயிலிருந்து கண்டி மஹியாவ மயானம் வரைக்கும் மலைப்பாதையில் தோளில் சுமந்து போனவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், அவர் தொழிலாளர்மேல் வைத்த அன்புக்குச் சாட்சியாக. இருக்கலாம். ஆனால் சுமந்தவர்களின் பெயரில் ஒன்றைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

கோப்பிக் காலத்தில் காடு வெட்டியது எப்படி என்று கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்க வேண்டும். மலை அடிவாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். மரத்தை முழுசாக வெட்டிச் சாய்ப்பதில்லை. பாதி, முக்கால் வெட்டி அப்படியே விட்டுவிட்டு மேலே மேலே ஏறிப் போவார்கள். உச்சிக்குப் போனதும் மேல் வரிசையில் நிற்கும் பெரிய மரங்களை மட்டும் முழுசாகச் சாய்ப்பார்கள். அது கீழே உள்ளதன் மேல் விழும், அது அடுத்ததன் மேல் விழும். கொடி பின்னிக் கிடக்கிற காடு என்பதால் ஒன்று இழுத்தால் பத்து வரும். ஒரு முழு மலைச்சரிவும் இடி இடித்த மாதிரிச் சத்தத்தோடு ஒரே தரத்தில் படுத்துவிடும். பிறகு சில வாரம் காயவிட்டு நெருப்பு. கரிக்கட்டைகளுக்கு நடுவே குழி வெட்டிக் கோப்பிக் கன்று. கோடாலி வேலையைப் பெரும்பாலும் சுற்றுவட்டச் சிங்களக் கிராமத்தார்தான் கொந்தராத்துக்கு எடுத்துச் செய்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் தொரைமார் மாதிரித்தான் சரித்திரம் எழுதுகிறோம் என்று ஆகிவிடும். எரித்த மலையைத் துப்புரவாக்கி, ரோட்டு வெட்டி, குழி வெட்டி, கன்று நட்டு, பழம் பறித்தது மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம்ம ஆட்கள்.

சாய்த்த மரத்தில் அந்த ஆட்கள் வீடு கட்டினார்களா? மரக்குடில் என்றவுடனே மனசில் வருவது அமெரிக்கப் படம்: நேரான கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் கொத்திப் பொருத்தி, இடுக்கில் மண் அடைத்த வீடு. அந்த வேலைக்குப் பைன் மாதிரி நெட்டையாக வளர்ந்த மரம் வேண்டும். சுவீடன், பின்லாந்துக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கைத்தொழில் அது. நம்ம மலை உச்சிக் காட்டு மரம் காற்றுக்கு வளைந்து, முறுக்கி, பாசி பிடித்து நிற்கிறது. அடுக்கினால் ஒன்றோடொன்று உட்காராது. அதனால் காட்டுக் கம்பு நட்டு, வரிச்சி கட்டி, ரெண்டு பக்கமும் மண் அப்பி, மேலே மாணாப்புல் போட்டதுதான் இங்கே வழக்கம். முதல் தொரைமாரின் பங்களாக்களில் பலவும் முதல் லயங்களும் இப்படித்தான் எழும்பின. கட்டின முறையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வித்தியாசம் காகிதத்தில் இருந்தது.

1840ஆம் ஆண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி ஹரிசன் என்பவர் ஜனாதிபதித் தேர்தலில் மரக்குடிலைத் தன் சின்னமாக்கி வென்றார். ஏழைக் குடியானவனின் வேட்பாளராம். மனுஷன் பிறந்ததோ வெர்ஜீனியாவில் ஒரு பெருந்தோட்ட மாளிகையில்! 1862இல் அங்கே வந்த குடியேற்றச் சட்டம், 160 ஏக்கர் நிலத்தில் வீடு கட்டி, பயிர் செய்து, ஐந்து வருடம் குடியிருந்தால் நிலம் உனக்குச் சொந்தம் என்றது. கையால் கட்டின குடில்தான் உரிமைக்கு அத்தாட்சி. (அது பூர்வகுடிகளிடம் பிடுங்கின நிலம் என்பது தனிக்கதை. அதையும் மறக்கக் கூடாது.)

அதே 1840இல் இலங்கையில் வந்தது முடிக்குரிய காணிகள் பற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு ஆளுடையது என்று நிரூபிக்கும் வரைக்கும், அரசுக்குச் சொந்தம். சேனைப் பயிர் செய்த கண்டிக் கிராமத்தானிடம் உறுதி எங்கே இருக்கும்? அந்தக் காடு ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் தொரைமாருக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் போனது. 1844இல்தான் விலை ஒரு பவுணாக ஏறியது. ஆக இங்கே வெட்டினவனுக்கும் உரிமை இல்ல, கட்டினவனுக்கும் உரிமை இல்ல, காலங்காலமாகப் பயிர் செய்தவனுக்கும் இல்ல. வாங்கினவனுக்கு மட்டும்தான்.

கோப்பிக்கு ஆள் வந்தது பருவத்துக்கு. பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். அதனால் லயமும் தற்காலிகக் கொட்டகையாகவே இருந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை அப்படி இல்ல, வருடம் பூராவும் கொழுந்து தரும். வருடம் பூராவும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். 1885இல் நானுஓயா வரைக்கும் ரயில் ஓடியது. மாணாப்புல் போய்த் தகரம் வந்தது, மண் சுவர் போய்க் கல் வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னுக்கு ஒரு துண்டு இஸ்தோப்பு. ரெட்டை லயமாக இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை, பின் பக்கம் ஜன்னலுக்கே வழியில்ல. இடத்தைத் தெரிவு செய்தது தொரை. தேயிலைக்கு உதவாத மூலை, பள்ளம், ஓடைக் கரை, சரிவுக்கு அடி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது அதை இயற்கை அனர்த்தம் என்றார்கள். அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. லயத்தை அந்த இடத்தில் வைத்தது இயற்கை இல்ல.

லயம் சம்பளத்தோடு வந்த இடம். வேலை போனால் காம்பராவும் போகும். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டம் தேட வேண்டியதுதான். தன் காம்பராவுக்கு ஒரு கதவு போட, ஒரு ஜன்னல் உடைக்க, பின்னுக்கு ஒரு பத்தி இறக்க தோட்ட ஒபீசிலிருந்து துண்டு வாங்க வேண்டும். துண்டில்லாமல் இறக்கினால் வாச்சர் வந்து பார்ப்பார், கணக்கப்பிள்ளைக்குப் போகும், அப்புறம் பிடுங்கச் சொல்லி உத்தரவு வரும். நம்ம வீடுகளில் இந்தக் கதை இல்லாத வீடு எது? சவுக்கு மரக் கிளை நாலு, பழைய தகரம், தேயிலைப் பெட்டிப் பலகை, உரப்பை. இவ்வளவையும் வைத்து ஞாயிற்றுக்கிழமை ஒரே பகலில் ஒரு குசினியை எழுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகிறபோது அது ஏற்கெனவே புகைந்து கொண்டிருக்கும். புகைகிற அடுப்பைப் பிடுங்க எந்த வாச்சருக்கும் கொஞ்சம் யோசனை வரும்.

மலையகக் கட்டடக் கலை என்று யாராவது எழுதினால் பங்களாவிலிருந்து தொடங்காமல் இந்தப் பத்தியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் பின்னாலும் நூறு வருடமாகத் துண்டில்லாமல் வளர்ந்த வீடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தன் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தார். லயத்தில் பிறந்த ஒருவனை வீடற்றவன் என்று சொல்ல அவருக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடே இல்லை என்றது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஆட்களைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். 1970களில் பஞ்சமும் தோட்டங்கள் தேசியமயமாக்கலும் ஒன்றாக வந்தன. 1977 மே மாதம், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் கலவரம். தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளுக்குப் போனார்கள்.

அங்கேதான், முதல் தரமாக, எங்கள் ஆட்களில் பெருந்தொகையானோர் காட்டுக்கு நடுவில் தங்கள் கையால் தங்களுக்கென்று குடில் கட்டினார்கள். கட்டடக் கலைஞரான எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. மலையில் பிறந்தவர்களுக்கு அந்தக் காடு புதுசு. குளிருக்குப் பழகின உடம்புக்கு வெக்கை, பீலித் தண்ணிக்குப் பழகினவர்களுக்குக் கிணறு. கிடுகு பின்னத் தெரியாது, ஏனென்றால் தோட்டத்தில் தென்னை ஏது? பக்கத்துக் கிராமத்தாரைப் பார்த்துப் படித்தார்கள். ஆனால் கம்பு நட்டு வரிச்சி கட்டி மண் அப்புவதை யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் லயத்தைக் கட்டின கை அது.

அதுவும் நிலைக்கவில்லை. 1983இல் காந்தியத்தின் தலைவர்கள் கைதானார்கள். இராஜசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் கொல்லப்பட்டார். 1984இல் டொலர் பாமிலும் கென்ட் பாமிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகளும் அவர்களின் குடும்பங்களும் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அந்த நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அவர்களைக் கொன்றார்கள். அதிலே பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். மலையிலிருந்து போன ஒரு குடும்பம் நட்ட கம்புக்குள்ளே வேறொரு ஏழைக் குடும்பம் செத்தது. இதை எந்தப் பக்கத்து வீரக் கதையிலும் சேர்க்க முடியாது, அதனால்தான் யாரும் பேசுவதில்லை.

மலைக்குத் திரும்புவோம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அதற்குப் பிறகு தனி வீட்டுத் திட்டங்கள் மெல்ல மெல்ல வந்தன. 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணி என்பது எல்லா மேடையிலும் ஒலித்தது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்திய வீட்டுத் திட்டத்தில் 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி வந்து இன்னும் 10,000 என்றார். வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. வந்த வீடுகளைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. லயத்திலிருந்து அதற்குள் போனவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் வீட்டோடு உறுதியும் கைக்கு வந்ததா என்று கேட்டால் பல இடங்களில் பதில் இழுபடுகிறது. பிரதேச சபை தோட்டத்துக்குள் தன் காசைச் செலவழிக்க வழி விடும்படி 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தவே 2018 வரைக்கும் போயிற்று. கடிதத்துக்கு இன்னமும் தோட்ட விலாசம்தான் போடுகிற இடங்கள் இருக்கின்றன.

புது வீட்டுக்குப் போனவர்கள் முதல் வேலையாக என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெளியே ஒரு குசினி இறக்குகிறார்கள். உள்ளே இருக்கிற சமையலறையில் விறகு எரித்தால் புது சுவர் கறுக்கும், கேஸ் வாங்கக் கொழுந்துச் சம்பளம் பத்தாது. சவுக்குக் கம்பு நாலு, பழைய லயத்திலிருந்து கழற்றின தகரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல். முந்தி இதற்கு ஒபீசில் துண்டு வாங்க வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது. இப்போது உறுதி இல்லாத இந்த வீட்டுக்குப் பத்தி இறக்கத் தோட்ட ஒபீசிடம் கேட்பதா, பிரதேச சபையிடம் கேட்பதா என்றே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கேட்காமலே இறக்குகிறார்கள்.