எண்ணெய் படிந்த சிறகுகள்

புளியங்குடியில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. ஆயினும் மழைக்குப்பின் நம் குளங்களில் வந்திறங்கும் நீர்ப்பறவைகளை நாம் அறிவோம். நமக்குத் தெற்கே, கூந்தன்குளத்தில், கூழைக்கடாக்கள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்த மகளைப்போல் அவற்றைப் பேணும் அவ்வூரார், தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. 1994இல் அரசு அதனைச் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே வேரூன்றிய வழக்கம் இது.

அதே இனத்துக் கூழைக்கடாக்களை 2023 டிசம்பரில் நாளிதழ்ப் படங்களில் வேறு கோலத்தில் கண்டோம். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவரின் வலைகளும் படகுகளும் கறுத்தன. பறவைகளின் வெண்சிறகுகளும் கறுத்தன.

சிறகில் எண்ணெய் பட்டால் என்ன கேடு? இறகின் நுண்ணிழைகள் சிறு கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. அப்பின்னலே நீரை உட்புகவிடாமல் தடுத்து, உடலையொட்டிக் காற்றைத் தேக்கி, வெப்பத்தையும் மிதக்கும் ஆற்றலையும் தருகிறது. எண்ணெய் அப்பின்னலைக் குலைக்கிறது. நீர் தோலைத் தொடுகிறது. பறவை குளிரால் நடுங்குகிறது. பறக்கவும் மிதக்கவும் இயலாமல் தவிக்கிறது. அலகால் சிறகைக் கோதும்போது நஞ்சையும் விழுங்குகிறது. அடைகாக்கும் தாயின் இறகிலிருந்து முட்டையோட்டில் படியும் சிறிதளவு எண்ணெயே உள்ளிருக்கும் கருவை அழித்துவிடக்கூடும்.

இத்தீங்கை மனிதர் உணர்ந்த வரலாறு துயரமானது. 1967 மார்ச்சில் 'டோரி கேன்யன்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே பாறையில் மோதி, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அதனைக் கரைக்கத் தெளித்த சலவை மருந்தே கரையோர உயிர்களைப் பெருமளவில் கொன்றது. மருந்து படாத கரைகள் விரைவில் மீண்டன. அவசரத்தில் செய்த உதவியே உபத்திரவமாயிற்று.

பொறுமை வேறு பயன் தந்தது. 2000 ஜூனில் தென்னாப்பிரிக்கக் கரையருகே 'ட்ரெஷர்' கப்பல் மூழ்கியபோது, எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பென்குவின்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவினர், பெரும்பாலானவை பிழைத்தன. எண்ணெய் படாத ஏறத்தாழ 19,500 பறவைகளைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டனர். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைத் துப்புரவு செய்ய முனைந்தனர்.

நம் எண்ணூரிலோ, 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியபோது, பெரும் பாதிப்பில்லை என்ற சொல்லே முதலில் எழுந்தது. பின்னர்க் கரையெங்கும் ஒதுங்கிய எண்ணெயை மீனவரும் இளைஞரும் வாளிகளால் அள்ளினர். உண்மையை உடனே ஒப்புக்கொள்வதே மீட்பின் முதற்படி என்பதை அந்நாள்கள் கற்பித்தன.

இது கடற்கரையாரின் கவலை மட்டுமன்று. நம் ஊர் எலுமிச்சையைச் சுமந்து செல்லும் லாரிகளும் அந்த எண்ணெயால்தான் ஓடுகின்றன. பயனில் பங்குள்ள நமக்குப் பொறுப்பிலும் பங்குண்டு. ஓர் ஊரார் வெடிச்சத்தமும் எழுப்பாமல் தலைமுறைகளாகக் காத்துவரும் இனத்தை ஓரிரவின் கவனக்குறைவு கறுக்கச் செய்யலாம் என்றால், நாம் இன்னும் விழிப்போடிருக்க வேண்டாமா?