ஜவ்வாது மலையின் சந்தை வழிகள்

மோட்டார் சாலைகள் மலைமேல் ஏறுவதற்கு முன்னர், ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தாம் விளைவித்த சாமையையும், காட்டிற் சேகரித்த தேன், கடுக்காய், புளி முதலியவற்றையும் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, போளூர், செங்கம், ஆலங்காயம் முதலிய அடிவார ஊர்களுக்கு இறங்கி, உப்பும் துணியும் கொண்டு மறுபடி ஏறிவந்த வழக்கமே அவர்களுடைய சரீர வன்மையை உருவாக்கிற்று என்பது என் துணிபு.

உயரத்தின் மகிமையே அது என்று சிலர் கருதலாம், அது பொருந்தாது. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இம்மலையில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் அமைந்த காவலூரோ 725 மீட்டர்தான். ரத்தத்திற் செவ்வணுக்களைப் பெருக்கும் அளவுக்கு இங்கே பிராணவாயு குறைவதில்லை. வன்மை தந்தது சரிவு.

ஏறுகையில் ஹிருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான ரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. இது பலரும் அறிந்ததே. இறக்கத்தின் தன்மையே வியப்புக்குரியது. 1952இல் லண்டனில் ஆராய்ச்சியாளர் மூவர் இரண்டு சைக்கிள்களை எதிரெதிராகச் சங்கிலியால் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் அதனைத் தடுக்குமாறு செய்து, தடுப்பவருக்கு வேண்டிய பிராணவாயு மிதிப்பவருக்கு வேண்டியதைவிட வெகு குறைவென்று நிரூபித்தனர். மலையிறங்குபவனின் தொடையும் தடுக்கும் வேலையையே செய்கிறது. ஆகவே மூச்சு வாங்குவதில்லை. ஆயினும், நீண்டுகொண்டே இழுபடும் தசைநார்கள் நுணுக்கமாகச் சிதைவதால், பழக்கமற்றவன் மறுநாள் படியிறங்க மாட்டாமல் தவிப்பான். ஒருமுறை அவ்வாறு நொந்து தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அத்தகைய சேதத்தைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். வாரந்தோறும் கூடும் சந்தை, எந்தப் பயிற்சியாளரும் வகுக்காமலே, அந்தக் காப்பு கலையுமுன் மீண்டும் மீண்டும் மலையிறங்கச் செய்ததை எண்ணும்போது எனக்கு மிகுந்த பிரமிப்பு உண்டாகிறது.

மனத்தின் பங்கும் சிறிதன்று. இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ மோசோ, சோர்வைக் குறித்து 1891இல் வெளியிட்ட நூலில், நெடுநேரம் மூளையால் உழைத்த பேராசிரியர்களின் விரல் தசைகளும் தளர்ந்துபோனதை எடுத்துக்காட்டினார். பழகிய வழியில் கூட்டமாக நடப்பவனுக்கு அந்தத் தளர்ச்சி குறைவு; எவ்விடத்தில் சுமையிறக்கலாம், எந்த ஓடையில் நீர் அருந்தலாம் என்பன முன்பே தெரிந்திருப்பதால், வழி முழுதும் தன் வலிமையை எவ்வாறு பகிர்ந்து செலவிடுவது என்ற கவலை அவனுக்கு இல்லை.

இவ்வாறு கூறுவதனால் பழைய வறுமையைப் போற்றுவதாக எவரும் கொள்ளவேண்டா. நோயுற்றவரையும் பிரசவ வேதனையில் துடித்தவளையும் கழியிற் கட்டிய போர்வையில் கிடத்தி, டோலியாகத் தோள்மாற்றித் தூக்கிச் சென்றதும் இவ்வழிகளிலேதான். சாலை இல்லாமையால் போன உயிர்களுக்கு எந்தத் திறமையும் ஈடாகாது. எல்லாக் குக்கிராமங்களுக்கும் சாலை செல்லவேண்டும். அதனோடு, மலைமேலுள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு நல்ல ஓட்டப் பயிற்சியாளர்களையும் வயிறார உணவையும் அளித்து, விருப்பமுள்ள சிறுவர் சிறுமியரை அந்தப் பழைய சரிவுகளிலேயே பழக்குவதற்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.