அழிந்த கல், மிஞ்சிய தாள்

ரொறன்ரோவில் கொலிஜ் வீதி 239ஆம் இலக்கத்தில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. வாசலில் இறக்கை முளைத்த இரண்டு வெண்கல மிருகங்கள் காவல் நிற்கும். மேல்மாடியிலே பழைய சிறுவர் நூல்களுக்கான ஒஸ்போர்ண் சேகரிப்பு. எட்வேர்ட் லியரின் குறும்புப் படங்களைத் தேடித்தான் முதன்முதலில் அங்கு போனேன்.

லியர் (1812–1888) பதினெட்டு வயதில் லண்டன் மிருகக்காட்சிச்சாலையின் கிளிகளை நேரில் பார்த்து வரையத் தொடங்கியவர். செலவு குறைந்த கல்லச்சு முறையை அவர் கைக்கொண்டார். சுண்ணாம்புக்கல்லிலே கொழுப்புக் கோலால் வரைந்து, கல்லை நனைத்து மையை உருட்டினால், ஈரம் மையைத் தள்ளிவிடும். வரைந்த கோடு மட்டும் அதைப் பற்றிக்கொள்ளும். 1830க்கும் 1832க்கும் இடையில் 42 கிளிப் படங்கள் வெளியாயின. பிரதிகள் 175 மட்டுமே. அச்சானதும் கல்லிலிருந்த படங்கள் அழிக்கப்பட்டன. அதன்பின் அந்தக் கிளிகள் சிதறிய தாள்களில் மட்டுமே உயிர் வாழ்ந்தன.

1846இல் வந்த அவருடைய அபத்தப் பாடல் நூலும் கல்லச்சுத்தான். பிள்ளைகள் விரும்பிப் படித்துக் கிழித்ததால் முதற்பதிப்பு இன்று மிக அரிது.

லியர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1874இல் சென்னைக்கு வந்து மகாபலிபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் வரைந்தார். அவ்வாண்டின் இறுதியில் இலங்கைக்கும் போனார். அந்தப் பயணத்தின் நாட்குறிப்புகள் இன்று ஹார்வர்டில் இருக்கின்றன. நம் நிலத்தைப் பற்றிய தாள்களைப் பார்க்கவும் நாம் பிறர் வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டியிருக்கிறது.

எட்கார் ஒஸ்போர்ண் என்ற ஆங்கிலேய நூலகர் 1934இல் ரொறன்ரோவுக்கு வந்தார். இங்கு சிறுவர் நூலகம் நடந்த விதம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1949இல் தம் சேகரிப்பிலிருந்து ஏறக்குறைய 2,000 நூல்களை இந்நகருக்குக் கொடுத்தார். ஒரு மனிதரின் பித்து ஊருக்குப் பொதுவாயிற்று.

இதை எழுதும்போது என் மனம் கூசுகிறது. எங்கள் சித்தப்பா 1983இல் கொழும்பிலிருந்து ஒரு சரஸ்வதி படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்தார். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் வழிவந்த கல்லச்சுப் படம் அது. அவர் இறந்தபின், பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று, ரோணியோவில் அடித்த சஞ்சிகைகளும் நாடக அழைப்பிதழ்களும் இருந்த பெட்டியோடு அதையும் குப்பை வண்டிக்கு எடுத்து வைத்தோம். வைத்தவன் நான்தான்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை வருடந்தோறும் நினைவுகூருகிறோம். அதை எரித்தவர்கள் வேறு. ஸ்காபரோவின் நிலவறைகளிலுள்ள பெட்டிகளை வீதியோரத்தில் வைப்பவர்கள் நாமேதான். எந்தக் கல்லும் இனி அவற்றை மறுபடி அச்சிடாது. உங்கள் வீட்டுப் பெட்டியை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.