கூடார மனைகளின் கதை

அமெரிக்க நாட்டில் வெள்ளிக்கிழமை மாலையானால், சிநேகமுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்துகொண்டு, கூடாரத் துணியையும் படுக்கைகளையும் ஐஸ் பெட்டியையும் குழந்தைகளையும் கார்களில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடும் உத்தேசத்துடன் காட்டுக்குப் புறப்படுவது சர்வசாதாரணமான காட்சி. போய்ச் சேரும் இடத்தை வனாந்தரம் என்றே அவர்கள் சொல்லிக்கொண்டாலும், அங்கே எண் எழுதிய ஒரு கட்டையும், கனமான மரமேஜையும், தீ மூட்ட ஓர் இரும்பு வளையமும், காரை நுழைத்து நிறுத்தச் சிறியதொரு கிளைவழியும் அவர்களுக்காக முன்கூட்டியே காத்திருக்கும். பாதை ஒரே திசையில் வளைந்து சென்று, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதன் ஓரங்களில் பெரும் பாறைகள், மழையில் தாமாகவே உருண்டு வந்து நின்றவைபோலக் கிடக்கும். அவற்றை அங்கே உருட்டி வைத்தவர்கள் மனிதர்கள் என்பதும், அப்படி வைக்கும்படி சொன்னவர் மரங்களுக்கு வரும் வியாதிகளை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி என்பதும், அந்த மேஜையில் அமர்ந்து ரொட்டி தின்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நம் மொழியில் கூடாரமடித்துத் தங்கும் இடத்துக்குப் பாசறை என்று பழம்பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது போருக்குச் சென்ற அரசன் மனைவியைப் பிரிந்திருக்கும் இடம். குடும்பத்தோடு போய்க் களித்திருக்கும் இடமன்று. அமெரிக்காவிலும் நெடுங்காலம் கூடாரம் போர்வீரனுக்கும் வேட்டைக்காரனுக்குமே உரியதாக இருந்தது. சமவெளியில் வாழ்ந்த ஆதிகுடிகளில் பலருக்கோ அது வீடாகவே இருந்தது. நாற்காலியும் கட்டிலும் உள்ள நகரவாசி, அவற்றை விட்டுவிட்டுத் தரையில் படுப்பதற்காகவே பணம் செலவழித்துப் பிரயாணம் செய்வது என்பது அதற்குப் பிறகு வந்த விசித்திரம்.

அந்த விசித்திரத்தை நாடறியச் செய்தவர்களில் வில்லியம் மரே என்ற பாதிரியார் முக்கியமானவர். பாஸ்டன் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பிரசங்கம் செய்து வந்த அவர், கோடைக்காலங்களில் நியூயார்க் மாகாணத்து வடபகுதியிலுள்ள அடிராண்டாக் மலைகளுக்குச் சென்று, ஏரிகளில் படகு விட்டும் மீன் பிடித்தும் மகிழ்ந்து, அந்த அனுபவங்களை 1869ஆம் ஆண்டில் ஒரு புத்தகமாக வெளியிட்டார். காட்டுக் காற்று க்ஷயரோகத்தையும் தீர்க்கும் என்று எழுதியதோடு நில்லாமல், எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்க வேண்டும், எவ்விதமான வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்ற விவரங்களைச் சொன்னதும், பெண்களும் தாராளமாக வரலாம் என்று கூறி அவர்களுக்கேற்ற உடுப்பைக் குறிப்பிட்டதும்தான் அந்நூலின் விசேஷம். வேட்டைக்காரனின் காட்டுக்குள் குடும்பம் நுழைந்த வாசல்களில் அதுவும் ஒன்று. புத்தகத்தைப் படித்தவர்கள் அந்தக் கோடையிலேயே கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். போனவர்களுக்குக் கிடைத்ததோ விடாத மழையும், குளிரும், பாதிரியார் அவ்வளவாகப் பெரிதுபடுத்தாத கறுப்பு ஈக்களின் கடியும். 'மரேயின் முட்டாள்கள்' என்று பத்திரிகைகள் அவர்களைப் பரிகாசம் செய்தன. ஆயினும் கூட்டம் குறையவில்லை. மனிதர்கள் துன்பப்பட்ட பிரயாணங்களையே அதிகமாகப் பேசுகிறார்கள் என்பதால், பரிகாசமே விளம்பரமாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

ரயிலில் போனவர்கள் வாரக்கணக்கில் ஓய்வுள்ளவர்கள். சனி ஞாயிறுக்குள் போய்த் திரும்ப வேண்டுமானால், சனிக்கிழமை விடுமுறையாக இருக்க வேண்டும். சொந்த வாகனமும் வேண்டும். இவ்விரண்டிலும் ஹென்றி ஃபோர்டின் கை இருந்தது. 1908இல் 850 டாலருக்கு விற்கத் தொடங்கிய அவருடைய 'டி' மாடல் கார், 1920களின் மத்தியில் 300 டாலருக்கும் கீழே இறங்கி, தொழிலாளியின் கைக்கும் எட்டியது; 1926இல் தம் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற ஏற்பாட்டையும் அவர் கொண்டுவந்தார். ஓய்வுள்ளவன் கார் வாங்குவான் என்ற வியாபார யுக்தி இதில் இல்லாமலில்லை. அவரே பெரிய கூடாரப் பிரியர். எடிசன், டயர் உற்பத்தியாளர் ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, 'நாடோடிகள்' என்று தங்களுக்குப் பெயரும் சூட்டிக்கொண்டு, 1915 முதல் 1924 வரை பல கோடைகளில் அவர் ஊர் சுற்றினார். பிற்காலத்துப் பிரயாணங்களில் மனைவிமார்களும் உடன் வந்தார்கள். 1921இல் ஜனாதிபதி ஹார்டிங்கும் வந்து கலந்துகொண்டார். சமையலுக்குத் தனி லாரி, வெளிச்சத்துக்கு எடிசனின் பாட்டரி விளக்குகள், பலர் சுற்றியமர்ந்து சாப்பிடப் பெரிய வட்டமேஜை, பின்னாலேயே பத்திரிகை நிருபர்கள்! நாடோடி என்று பெயர் வைத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் வசதி வேண்டும் போலிருக்கிறது.

அந்த வசதியில்லாத சாமானிய ஜனங்கள், வழியில் கண்ட வயலோரத்திலும் பள்ளிக்கூடத்து முற்றத்திலும் காரை நிறுத்திக் கூடாரமடித்தார்கள். பழத்தோட்டக்காரர்கள் முறையிட்டார்கள். வருகிறவர்கள் கடைத்தெருவில் நாலு காசு செலவழிப்பார்களே என்று எண்ணிய ஊர்கள் பல, 1920களில் தண்ணீர்க் குழாயுடன் இலவச மைதானங்களைத் திறந்துவிட்டன. வேலையற்ற ஏழைகளும் அங்கே குடும்பத்தோடு வந்து தங்கத் தொடங்கியதும் கட்டணம் விதித்தன. இலவசம் போனதற்கு இதுவே முக்கியமான காரணம் என்பது யோசிக்கத்தக்கது.

தேசிய வனங்களிலும் பூங்காக்களிலும் நிகழ்ந்த சேதம் வேறு விதமானது. கலிபோர்னியாவில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த செம்மரங்களின் அடியில், நிழலை நாடி, இஷ்டப்பட்ட இடத்திலெல்லாம் கார்கள் ஏறி நின்றன. அங்கே பணிபுரிந்த எமிலியோ மைனெக்கே என்ற மரநோய் ஆராய்ச்சியாளர், வந்துபோகும் ஜனங்களால் செம்மரங்களுக்கு நேரும் தீங்கைப் பற்றி 1928இல் ஓர் அறிக்கை எழுதினார். இவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஆழத்தில் இருக்கும் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது மேல்மண்ணிலேயே அகலப் பரந்திருக்கிறது. கார்ச் சக்கரமும் ஆயிரம் ஜோடிக் கால்களும் மிதித்து மிதித்து மண் இறுகிவிட, நீரும் காற்றும் உள்ளே இறங்காமல் வேர் மூச்சுத் திணறுகிறது. கோடாலியே படாத மரம், அதைப் பார்த்து அதிசயிக்க வந்தவர்களின் காலடியில் சிறுகச் சிறுகச் சாகிறது.

நோயைச் சொன்னவர் மருந்தையும் சொன்னார். 1932இல் அவர் வகுத்த திட்டத்தின்படி, கார் செல்லும் பாதை குறுகலாகவும் ஒருவழியாகவும் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனை, அதில் காரை நிறுத்தத் தனி இடம். அதைத் தாண்டிச் சக்கரம் உருளாதபடி பாறைகளும் மரத்துண்டுகளும் தடையாக இருக்கும். மேஜையும் அடுப்பும் பெயர்க்க முடியாதபடி நிலத்தில் ஊன்றப்படும். மேஜையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதபோது, ஜனங்களின் நடமாட்டம் தானே ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மனைக்கும் மனைக்கும் இடையே புதர்களை விட்டுவைத்ததால், அடுத்த குடும்பத்தின் குரல் கேட்டாலும் முகம் தெரிவதில்லை. 'இங்கே போகாதே' என்ற அறிவிப்புப் பலகை ஒன்றுகூட இல்லாமல், போகவிடாமல் செய்துவிட்ட சாமர்த்தியத்தை என்னென்பது!

பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த இளைஞர்களுக்காக 1933இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் தொடங்கிய சேவைப் படையே இந்தத் திட்டத்தை நாடெங்கும் நிறைவேற்றிற்று. மாதம் 30 டாலர் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாங்களே கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் படுத்துறங்கிய அந்தப் பையன்கள், 1942 வரை, பிறர் விடுமுறைக்கு வந்து தங்குவதற்காகப் பாறை சுமந்தார்கள்.

வர்ஜினியா மாகாணத்தில், 1935இல் நிறுவப்பட்ட ஷெனண்டோவா தேசியப் பூங்காவிலும் அவர்கள் வேலை செய்தார்கள். பூங்கா அமைவதற்காக, அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை இழந்து வெளியேற நேர்ந்தது. குடியிருந்தவர்கள் போன பிறகு, இரண்டு நாள் குடியிருப்பவர்களுக்கு இடம் ஏற்பட்டது. அதிலும் எல்லோருக்கும் ஒரே இடமன்று. கறுப்பர்களின் குடும்பங்களுக்கென்று லூயிஸ் மலை என்ற பகுதியை ஒதுக்கி, 1939இல் திறந்தார்கள். அதே பாதை, அதே மேஜை, அதே பாறைகள். பிரிவினையின் எல்லையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பத்தாண்டு கழித்து, 1950 வாக்கில், அந்தப் பாகுபாடு பூங்காவில் அறவே நீங்கிற்று. லூயிஸ் மலையின் கூடார மைதானம் இன்றும் இருக்கிறது. 30 மனைகளே கொண்ட அது, அந்தப் பூங்காவில் உள்ளவற்றுள் மிகச் சிறியது. சந்தடி இல்லாத இடம் வேண்டுமென்று தேடி வருகிறவர்கள் இப்போது அதையே விரும்பிப் போகிறார்கள்.